தாத்தாவுக்கு ரகசியப் பிறப்பு வேண்டாம்

கேள்வி:

அன்புள்ள அக்கா, கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் ஒரு லயத்திலிருந்து, தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து எழுதுகிறேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. என் தாத்தா அங்கே ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர், அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை நறுக்கிவிடுகிறவர். காமனாகிய மதனைச் சிவன் எரித்த கதையை மாசி மாதம் ஆடுகிற காமன் கூத்தில், மதனின் மனைவி ரதியாக வேடம் கட்டுவார். அவரை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன், அறுபது பக்கம் வந்திருக்கிறது. சினிமாவில் உதவி இயக்குநராக இருக்கும் நண்பர் படித்துவிட்டு, "ஹீரோவுக்குப் பவரே இல்லை. ரதி வேஷத்திலேயே தோட்டத்துத் தொரையை அடிக்கிற மாதிரி ஒரு சீன் வை, அப்புறம் அவர் யாருன்னு ஒரு பிளாஷ்பேக் வை" என்றார். வைத்தேன். தாத்தாவின் அப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஜமீன் வீட்டுப் பிள்ளை, சூழ்ச்சியால் துரத்தப்பட்டுக் கப்பலேறியவர் என்று எழுதினேன். அம்மா படித்துவிட்டு, "இது எங்கப்பா இல்லடி" என்று சொல்லிக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சாதாரணத் தொழிலாளியாகவே விட்டால் யார் படிப்பார்கள்? கதையில் ஒரு மனுஷனுக்கு அதிகாரம் எங்கிருந்து வரவேண்டும்? கடைசியில் அவர் ஜெயிக்கவேண்டுமா, தோற்கவேண்டுமா? லயத்துப் பேச்சை அப்படியே எழுதலாமா? எழுதின வரைக்கும் இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அனுப்பிய பக்கங்கள் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. ஜமீன் பிளாஷ்பேக்கை முழுசாக எடுத்துவிடுங்கள். உங்கள் நண்பர் மேல் கோபப்படவேண்டாம். நம் ஊரில் பல தலைமுறையாகப் பலித்துவருகிற ஒரு வழியைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அந்த வழி எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு அதை விடுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக விட்டால், அடுத்த நாவலில் வேறு பெயரில் அதுவே திரும்ப வரும்.

மதுரை வீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்புத் தைக்கிற வீட்டில் வளர்ந்தவன் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போகிறான். துரத்தி வந்த படையை ஜெயிக்கிறான். மதுரைக்குப் போய்த் திருடர்களை அடக்குகிறான். கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான், அப்புறம் மீனாட்சி கோயில் வாசலிலேயே காவல் தெய்வமாக நிற்கிறான். இவ்வளவும் செய்தவன் யார்? காசி ராஜாவின் பிள்ளை என்கிறது கதைப்பாடல். கொடி சுற்றிப் பிறந்தான், நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விட்டார்களாம், சக்கிலியத் தம்பதி எடுத்து வளர்த்தார்களாம். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் அவன் அரண்மனைப் பிள்ளைதான். பொதிகை மலைப் பக்கத்து முத்துப்பட்டன் கதையையும் பாருங்கள். பிராமணனாகப் பிறந்த பட்டன் பூணூலையும் குடுமியையும் அறுத்துப் போட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுகிறான். அவ்வளவு துணிச்சலான கதையிலேயே, அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு வடிவம் வந்து ஒட்டிக்கொண்டது. கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பித்த நா. வானமாமலை இந்தப் பிறப்பு மாற்றங்களைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

கீழே இருக்கிற ஒருவன் மேலே இருக்கிறவனை ஜெயித்தான் என்பதை மேலே இருப்பவர்களும் உட்கார்ந்து கேட்கவேண்டும். அதற்காக, ஜெயித்தவன் உண்மையில் உங்கள் ஆள்தான், ஏதோ விதிவசத்தால் இங்கே வந்து வளர்ந்தான் என்று சொல்லிச் சமாதானம் செய்கிறார்கள். கதை பிழைத்துக்கொள்கிறது. ஆனால் எடுத்து வளர்த்த அந்தத் தம்பதி வெறும் வளர்ப்பு அப்பா அம்மாவாக ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். வீரனின் வீரத்தில் அவர்களுக்குப் பங்கில்லாமல் போகிறது. அந்த மக்கள் இன்றைக்கும் வீரனைத் தங்கள் பிள்ளையாகவே கும்பிடுகிறார்கள் என்பது தனி விஷயம். பாட்டு என்ன சொன்னாலும் சாமி யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும்.

சினிமா வந்ததும் அரண்மனை போய்ப் பிளாஷ்பேக் வந்தது. 1995-இல் வந்த 'பாட்ஷா'வில் அடி வாங்கிக்கொண்டு அடங்கி நிற்கிற ஆட்டோக்காரர் மாணிக்கம், ஒரு காலத்தில் பம்பாயையே கையில் வைத்திருந்தவர். கொட்டகையில் கைதட்டின எல்லோருக்கும் அது சந்தோஷம் கொடுத்தது, எனக்கும்தான். நம்மையும் யாரோ ஒருநாள் உள்ளே இருக்கிற ஆளாகப் பார்ப்பார்கள் என்கிற ஆசை எல்லோருக்கும் உண்டு, அந்த ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தப் படத்துக்கு அது பொருந்தியது, ஏனென்றால் அது பாட்ஷாவின் கதை. மாணிக்கம் அவர் போட்டுக்கொண்ட சட்டை. உங்கள் நாவலில் கவ்வாத்துக்காரர் யாரும் போட்டுக்கொண்ட சட்டை இல்லையே.

உங்கள் பக்கங்களிலேயே இது நடந்திருப்பதைக் காட்டுகிறேன். முதல் அத்தியாயத்தில் தாத்தா கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிற இடம் இருக்கிறது. கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டி, கட்டைவிரல் நகத்தின் மேல் கத்தியை வைத்துப் பார்க்கிறார். வழுக்கினால் மறுபடி தீட்டுகிறார். நகத்தில் பிடித்து நின்றால்தான் உறைக்குள் போடுகிறார். செடியை ஒரே வெட்டில் சாய்வாக வெட்டவேண்டும், பிளந்தால் அந்தக் கிளை அழுகும் என்று கூட நிற்கிற பையனுக்குச் சொல்கிறார். படிக்கும்போது இந்த ஆளுக்கு முன்னால் கொஞ்சம் மரியாதையாக நிற்கவேண்டும் என்று தோன்றுகிறது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஜமீன் வந்ததும், இந்தக் கத்தி ஒரு ராஜகுமாரன் கையில் தவறி வந்த கத்தியாகிவிடுகிறது. அவர் கற்ற தொழில், அதில் அவருக்கிருந்த கெட்டிக்காரத்தனம் எல்லாம் அவருக்கு நேர்ந்த அநியாயமாக மாறிவிடுகிறது. உங்கள் அம்மாவுக்கு வலித்தது இதுதான் என்று நினைக்கிறேன். தன் அப்பாவைப் பெரிய ஆளாக்குகிறேன் என்று மகள் சொல்லும்போது, அவர் இருந்தபடியே பெரிய ஆள் இல்லையா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியிருக்கும்.

அதிகாரம் எங்கிருந்து வரவேண்டும் என்று கேட்டீர்கள். பதில் உங்கள் நாலாவது அத்தியாயத்திலேயே இருக்கிறது. நீங்கள் அதைக் கடந்து ஓடியிருக்கிறீர்கள், அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

காமன் கூத்தில் ரகசியம் எதுவும் கிடையாது. சிவன் மதனை எரிக்கப்போகிறார் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ரதியாக வரப்போவது யார் என்றும் தெரியும். அவர் விரதம் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள், மீசையை எடுத்ததைப் பார்த்துக் கேலிகூடச் செய்திருக்கிறார்கள். அவர் கட்டியிருப்பது சொந்தப் பெண்டாட்டியின் கூறைச்சேலை என்று பக்கத்துக் காம்பரா அக்காவுக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டதே அவள்தான். இவ்வளவும் தெரிந்த அதே சனம், தப்புப் பறை அடிபட ஆரம்பித்து ரதி லயத்துக்குள் இறங்கி வந்ததும், மஞ்சள் தண்ணீரால் கால் கழுவிக் கும்பிடுகிறது. புருஷனைப் பறிகொடுத்த ரதி புலம்பும்போது பெண்கள் தங்கள் தங்கள் சாவுகளை நினைத்து அழுகிறார்கள். நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பெரியம்மா தன் செத்துப்போன குழந்தையின் பெயரைச் சொல்லி ரதியின் மடியில் விழுந்தாள் என்று. அந்த மடி கவ்வாத்து வெட்டுகிற ஒரு ஆம்பளையின் மடி என்பது அவளுக்கு அந்த நிமிஷமும் தெரியும். தெரிந்துதான் விழுந்தாள்.

ஒருவன் உள்ளுக்குள் வேறு யாரோ என்று தெரியவந்து ஊர் அவனுக்கு அடங்கிப்போவது ஒரு வகை. அவன் யார் என்று முழுக்கத் தெரிந்துகொண்டே அவனுக்கு இடம் கொடுப்பது இன்னொரு வகை. இரண்டாவதுதான் உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்தது, அது கிடைப்பதுதான் அரிது. உங்கள் லயத்துக்குப் பக்கத்திலேயே படகர் ஊர்களில் பாருங்கள். பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் ஊராக வெள்ளை உடுத்திக்கொண்டு நடந்து போகிறார்கள். ஹெத்தை அவர்களுக்கு வானத்திலிருந்து இறங்கின ராணி இல்லை. தங்களில் ஒருத்தியாக வாழ்ந்து மறைந்த மூத்த தாய், பாட்டி. நம் பாட்டி என்று தெரிந்தே கும்பிடுகிறார்கள்.

இனி தொரையை அடிக்கிற காட்சி. தோட்டங்களில் எதிர்த்தவர்கள் இருந்தார்கள், அதை மறைக்கக்கூடாது. 1940-இல் இலங்கையின் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் சூட்டில் செத்தார். அங்கே நின்றது சங்கம், கூட்டம், கூலிக் கணக்கு. ஒரு ஆளின் ஒரு அறையில் முடிந்துபோன விஷயம் இல்லை அது. உங்கள் காட்சியில் தாத்தா ரதி வேடத்தில் அறைகிறார், தொரை ஜீப்பில் ஏறி ஓடுகிறான், மறுநாள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அறைந்த மறுநாள் வேலை போயிருக்கும், காம்பராவைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்கள். அதை எழுதாமல் அறையை மட்டும் எழுதினால், அந்தக் காலத்தில் அறையாமல் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் கோழைகள் என்று ஆகிவிடும். அவர்கள் கோழைகள் இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு காட்சி சொல்கிறேன், உங்கள் பக்கங்களில் இருப்பதை வைத்தே. பதினேழாம் பக்கத்தில் கணக்கப்பிள்ளை தாத்தாவுக்கு அரைப்பேர் போடுகிறார். செடி எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று பாதி நாள் கூலி எழுதி அனுப்புகிறார். தாத்தா ஒன்றும் பேசாமல் வந்துவிடுகிறார். நாலாம் அத்தியாயத்தில் அதே கணக்கப்பிள்ளை கற்பூரத் தட்டோடு ஒரு ஓரத்தில் நிற்கிறார், நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். இந்த இரண்டையும் ஒரே நாளாக்குங்கள். பகலில் அரைப்பேர் போட்டவர் ராத்திரி ரதிக்கு முன்னால் வந்து நிற்கட்டும். தட்டை நீட்டும்போது அவர் கண்ணைப் பார்க்கிறாரா, காலைப் பார்க்கிறாரா? ரதி திருநீறு பூசவேண்டும். அந்தக் கை பூசும்போது நடுங்குகிறதா, வேண்டுமென்றே ஒரு நொடி தாமதிக்கிறதா? சுற்றி நிற்கிற சனத்துக்கு விஷயம் தெரியும், தப்பு அடிக்கிறவருக்கும் தெரியும். அவர் அடியைக் கொஞ்சம் நிறுத்தினால் போதும், அந்த இடமே காத்திருக்கும். ஒரு அறையில் கிடைக்காத பலம் அந்தத் தாமதத்தில் இருக்கிறது. அப்புறம் விடிகிறது. சாயம் சரியாகப் போகாத முகத்தோடு தாத்தா ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நிற்கிறார், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுகிறார். அவர் எப்படிக் கூப்பிடுகிறார், தாத்தா எப்படிப் பதில் சொல்கிறார், அன்றைக்கு முழுப்பேர் விழுந்ததா என்பதை நீங்கள்தான் எழுதவேண்டும். எனக்குத் தெரிந்தவரை இந்த நாவலின் நடுப்புள்ளி இந்தக் காலைதான்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கோத்தகிரிக்கு வந்த பிறகு இந்த மலைப் பழங்குடியான குறும்பரில் ஒரு மந்திரவாதி தாத்தாவுக்குத் தாயத்துக் கொடுக்கிற அத்தியாயம். அதை எடுத்துவிடுங்கள். குறும்பருக்கு மந்திரம் தெரியும், சூனியம் வைப்பார்கள் என்று இந்த மலையில் மற்றவர்கள் காலகாலமாகச் சொல்லிவந்தார்கள். அவர்கள் கேட்காத ஒரு பலத்தை அவர்கள் தலையில் ஏற்றினார்கள். ஊரில் நோய் வந்தாலும் மாடு செத்தாலும் பழி அவர்கள் மேல் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் சூனியப் பழி சுமத்திக் குறும்பர்களைக் குழந்தை குட்டியோடு கொன்ற சம்பவங்கள் நீலகிரி ஆவணங்களில் இருக்கின்றன. ஊர் ஒருவருக்குப் பலம் கொடுப்பது எப்போதும் நல்லதற்கே என்று நான் சொல்லவரவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. உங்கள் தாத்தாவின் மேல் சிலோன்காரன் என்ற முத்திரை விழுந்தபோது எப்படி இருந்தது என்று இருபது பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதே நாவலில் இன்னொரு சனத்தின் மேல் பழைய முத்திரையை நீங்கள் குத்தக்கூடாது. குறும்பர் ஒருவர் வரவேண்டும் என்றால் வரட்டும். தேன் எடுக்கிறவராக, தோட்டத்தில் கூட வேலை செய்கிறவராக, பேரும் குடும்பமும் உள்ள ஆளாக வரட்டும்.

இப்போது நாற்பத்தொன்றாம் பக்கம். நான் பென்சிலால் கோடு போட்டது ஒரே வரிக்கு. "மதன் வேஷம் கட்டுகிற மாமா சிலோன் பிரஜையாக எழுதிக் கொடுத்துவிட்டார், வரவில்லை." அவ்வளவுதான், அடுத்த வரியில், கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம் வந்துவிடுகிறது. தங்கச்சி, உங்கள் நாவல் இந்த வரியில் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடில்லாமல் போன மக்களை 1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து பங்கு பிரிக்கிறார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும். அண்ணன் ஒரு பக்கம் எழுதினான், தங்கை ஒரு பக்கம் எழுதினாள். கப்பலேறத் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வந்தது. அதில் உங்கள் தாத்தா ஏறுகிறார். வருஷா வருஷம் மதன் எரியும்போது புலம்பிய ரதி, மதன் உயிரோடு பிளாட்பாரத்தில் நிற்க, தான் கிளம்புகிறாள். இதைவிடப் பெரிய காட்சியை எந்த ஜமீன் உங்களுக்குத் தரும்?

புராணத்தில் சிவன் மனமிரங்கி மதனை உயிர்ப்பிக்கிறார், ஆனால் அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இந்த வரத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவன் இருக்கிறான் என்பதற்கு ஒரே ஒருத்தியின் கண் போதும் என்கிறது கதை. அந்தக் கண்ணும் போய்விட்டால்? இந்த மலையில் கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்த 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி 1982-இல் அதைத்தான் காட்டியது. நினைவு திரும்பிய பெண் தன்னை வைத்துக் காப்பாற்றினவனை யாரோ பைத்தியம் என்று பார்க்கிறாள். அவனிடம் எதுவும் குறையவில்லை, பார்க்கிறவளுக்குத்தான் அவன் இல்லாமல் போனான். உங்கள் தாத்தா நீலகிரிக்கு வந்து இறங்கியபோது அவர் ரதி என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கூத்துக் குழுவில் ஒருவர் கூடலூர்ப் பக்கம், ஒருவர் குன்னூர், ஒருவர் எங்கோ சமவெளியில், மதன் கடலுக்கு அந்தப் பக்கம். சனம் சிதறியதும் சனம் கொடுத்த பலமும் சிதறிவிட்டது. அவர் பிழைப்பு போகவில்லை, கவ்வாத்து எந்த மலையிலும் கவ்வாத்துதான், டேன்டீயில் வேலை கிடைத்தது. போனது வேறு.

அதனால், கோத்தகிரியில் "ஒரே ஒரு வருஷம் காமன் ஊன்றினார்கள், அப்புறம் நின்றுபோயிற்று" என்று நீங்கள் ஒரு பத்தியில் முடித்துவிட்ட ராத்திரியை ஒரு முழு அத்தியாயமாக எழுதுங்கள். கூட்டத்தில் பாதிப் பேர் வேறு வேறு தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், இவரைத் தெரியாது. மதன் வேடத்துக்கு ஒரு சின்னப் பையனைப் பிடித்திருக்கிறார்கள், அடவு வரவில்லை. அந்தக் குளிரில் வயசான ஒரு ஆள் மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்கிறார். இவரை ரதி என்று இந்தச் சனம் ஏற்குமா? வாசகருக்கு அடுத்த பக்கம் திருப்பத் தோன்றுகிற கேள்வி இதுதான். யார் படிப்பார்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, இவர் யார் என்ற ரகசியத்துக்காக ஒருமுறை படிப்பவர்களைவிட, இவரை ஏற்பார்களா என்ற தவிப்புக்காகப் படிப்பவர்கள் உங்களோடு நெடுநாள் இருப்பார்கள்.

ஜெயிக்கவேண்டுமா, தோற்கவேண்டுமா? தஞ்சாவூர்ப் பக்கம் லாவணி பாடுகிறவர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விடிய விடிய வாதம் பாடுவார்கள். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. அடுத்த மாசியிலும் அதே வாதம் நடக்கும். உங்கள் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு உங்கள் அம்மா ஒரு கட்சியும் பெரியம்மா ஒரு கட்சியும் பேசினால், முடிவு சரியாக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய முடிவில் எல்லோரும் தாத்தாவின் படத்துக்கு மாலை போடுகிறார்கள், அங்கே பேச யாருக்கும் ஒன்றும் இல்லை.

லயத்துப் பேச்சைத் தாராளமாக எழுதுங்கள். கொழுந்து, படங்கு, மடுவம், காம்பரா, பெரட்டு எல்லாம் அப்படியே வரட்டும், பின்னால் அருஞ்சொற்பொருள் பட்டியல் போடவேண்டாம். காட்சி தெளிவாக இருந்தால் கோயம்புத்தூரில் படிக்கிறவருக்கும் புரியும். ஆனால் ரதி புலம்பல் பாட்டுகளை நீங்களாகக் கற்பனை செய்து எழுதாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் பாட்டு சினிமாப் பாட்டு மெட்டில் ஓடுகிறது. அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அவ்வளவு போதும். பாதி வரி மறந்திருந்தால் பாதி வரியே வரட்டும்.

செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, எழுதுவதற்கு முன்னால். சேரம்பாடி, நெல்லியாளம் பக்கம் உங்கள் தாத்தாவின் பழைய தோட்டத்து ஆட்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். தாத்தாவைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், அவருக்குச் சேலை கட்டிவிட்டது யார், தப்பு அடித்தது யார், மதன் மாமாவிடமிருந்து கடிதம் வந்ததா, வந்தால் யார் படித்துக் காட்டினார்கள் என்று கேளுங்கள். போன் ரிக்கார்டரைப் போடுவதற்கு முன் கேட்டுவிட்டுப் போடுங்கள், நாவலில் அவர்கள் பெயரை மாற்றிவிடுவேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வயசாகிறது, அதனால் அடுத்த லீவிலேயே கிளம்பிவிடுங்கள். வந்த பிறகு அந்தக் கோத்தகிரி ராத்திரி அத்தியாயத்தை மட்டும் அனுப்புங்கள், படித்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.